பல வகைத் தரவுகளை இணைத்து வணிகத் தீர்மானம் எடுத்தல்



"சரியான தீர்மானத்துக்குத் தகவல் அவசியம்" என்று பரீட்சையில் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் "எந்தத் தகவல்? ஒன்று போதுமா?" என்று கேட்டால் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு வகைத் தரவு பாதி உண்மையையே சொல்லும். மற்றப் பாதியை வேறொரு வகைத் தரவிலிருந்தே பெற வேண்டும். இப்பாடத்தின் சாரம் இதுவே.

1. தரவின் வகைகள்

தரவு என்பது ஒழுங்குபடுத்தப்படாத விபரம். அதை ஒழுங்குபடுத்திப் பொருள் பெறச் செய்யும்போது தகவல் ஆகின்றது.

• உள்ளகத் தரவு: வணிகத்தின் உள்ளேயே கிடைப்பது. உ-ம்: விற்பனைப் பதிவு, கையிருப்புப் பதிவு, கடன் கொப்பி.
• வெளியகத் தரவு: வணிகத்துக்கு வெளியிலிருந்து பெறுவது. உ-ம்: சந்தை விலை, வானிலை அறிவிப்பு, நாட்காட்டி, அரச புள்ளிவிபரம்.
• அளவுசார் தரவு: எண்ணால் கூறப்படுவது. உ-ம்: 84 கிலோ.
• பண்புசார் தரவு: சொல்லால் கூறப்படுவது. உ-ம்: "போனமுறை பழம் காய்ந்திருந்தது" என்ற வாடிக்கையாளரின் முறைப்பாடு.

2. உதாரணம்: ஒரு சில்லறைக் கடை

பாலமுனையில் ஒரு சில்லறைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம் (கடையும் அதன் விற்பனை எண்களும் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டவை). 2024இல் கடை மூடப்பட்டிருந்ததால், முதலாளியிடம் 2023ஆம் ஆண்டின் பதிவு மட்டுமே உண்டு. அதன்படி பேரீச்சம்பழ விற்பனை:

மார்ச் 2023 – 32 கிலோ
ஏப்ரல் 2023 – 84 கிலோ

இப்பதிவை மட்டும் பார்த்து 2025 மார்ச்சுக்கு 32 கிலோவும் ஏப்ரலுக்கு 84 கிலோவும் கட்டளையிட்டால் என்ன நடக்கும்?

இங்கே நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். ஆகவே நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வரும். இலங்கையில் 2023இல் நோன்பு மார்ச் 24இல் தொடங்கியது. மார்ச்சில் 8 நோன்பு, ஏப்ரலில் 21 நோன்பு. 2025இல் மார்ச் 2இல் தொடங்கி, 29 நோன்பும் மார்ச்சிலேயே முடிந்துவிட்டன.

படி 1: 2023இல் மொத்த விற்பனை 32 + 84 = 116 கிலோ. நோன்பு நாட்கள் 29. ஒரு நாளுக்கு 116 ÷ 29 = 4 கிலோ.
படி 2: 2025 மார்ச்சுக்குத் தேவை 29 × 4 = 116 கிலோ.
படி 3: பதிவை மட்டும் நம்பி 32 கிலோ வாங்கியிருந்தால், எட்டாம் நோன்போடு கையிருப்பு முடிந்துவிடும். வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். பெருநாள் கழிந்து ஏப்ரலில் வரும் 84 கிலோவோ தேங்கிக் கிடக்கும். மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலையின் திகதி மட்டும் தவறாமல் வரும்!

இனிப் பண்புசார் தரவையும் சேர்ப்போம். முதலாளி கடைக்கு வருவோரிடம் விசாரிக்கிறார். வழமையான வாடிக்கையாளரில் 16 குடும்பங்களுக்குத் தலா 1 கிலோ பேரீச்சம்பழம் அன்பளிப்பாகக் கிடைக்கவிருப்பது தெரியவருகிறது. ஆகவே தேவை 116 – 16 = 100 கிலோ. "பழம் காய்ந்திருந்தது" என்ற முறைப்பாடும் உண்டு. எனவே முழுவதையும் ஒரே தடவையில் வாங்காமல் முதலில் 60 கிலோ வாங்கி, முதல் 10 நாளில் விற்பனை 34 கிலோவை நெருங்கினால் மீதி 40 கிலோவை எடுப்பதே சிறந்த தீர்மானம்.

கவனியுங்கள்: பதிவேடு பொய் சொல்லவில்லை. அது தனியே பேசியதுதான் பிழை.

3. உண்மைச் சம்பவம்: கேரளக் கடற்கரை

1997 ஜனவரி 14ஆம் திகதி. வடகேரளத்தின் வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் வாங்குவாரின்றிப் பிடித்த மீனைக் கொட்டினர். அதேவேளை 15 கிலோமீற்றருக்குள் இருந்த சந்தைகளில் மீன் வாங்க 27 பேர் காத்திருந்தனர். மீனவரிடம் பிடிபட்ட அளவு பற்றிய தரவு இருந்தது. அடுத்த சந்தையின் விலை பற்றிய தரவு இருக்கவில்லை.

1997 முதல் 2001 வரை அப்பகுதிக்குக் கைத்தொலைபேசி படிப்படியாக வந்தது. மீனவர்கள் கடலில் இருந்தபடியே பல சந்தைகளின் விலையைக் கேட்டு, எரிபொருட் செலவையும் கணக்கிட்டு, எங்கே கரை சேர்வது எனத் தீர்மானித்தனர். இதை ஆராய்ந்த பொருளியலாளர் ரொபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட முடிவுகள்:

• முன்னர் 5 – 8% ஆக இருந்த மீன் விரயம் ஏறக்குறைய இல்லாமற் போனது.
• மீனவரின் இலாபம் சராசரியாக 8% கூடியது.
• நுகர்வோர் கொடுத்த விலை 4% குறைந்தது.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நன்மை கிடைத்ததை நினைவிற் கொள்க.

நமது கரைக்கும் இது பொருந்தும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. வெளியிணைப்பு இயந்திரப் படகு வைத்திருந்தவர் பழைய வருமானப் பதிவை மட்டும் பார்த்துத் தொழிலுக்குப் போயிருந்தால் நட்டத்தையே கண்டிருப்பார்.

4. இணைக்கும் முறை

(அ) தீர்மானத்தை ஒரு வினாவாக எழுதுக. உ-ம்: "மார்ச்சுக்கு எத்தனை கிலோ?"
(ஆ) தேவையான உள்ளக, வெளியகத் தரவுகளைத் தெரிந்தெடுக்க.
(இ) அவற்றுக்குப் பொதுவான ஒன்றைக் கண்டுபிடிக்க: திகதி, இடம் அல்லது பொருள். மேலே கடைப் பதிவையும் நாட்காட்டியையும் இணைத்தது திகதி.
(ஈ) அலகுகளை ஒன்றாக்குக. ஒன்று கிலோவிலும் மற்றது பைக்கற்றிலும் இருந்தால் கூட்ட முடியாது.
(உ) ஆட்களிடம் விசாரித்துச் சரிபார்த்த பின் தீர்மானிக்க.

5. எச்சரிக்கை

ரூபாவில் விற்பனை கூடினால் வியாபாரம் வளர்ந்துவிட்டது என முடிவு செய்யாதீர்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் 69.8%. அந்நாட்களில் முன்னரைவிடக் குறைவான பொருளை விற்ற கடையிலும் ரூபாத் தொகை கூடியிருக்கலாம். ஆகவே பெறுமதியோடு அளவையும் பார்க்க வேண்டும்.

6. மாதிரி வினா

ஒரு ஐஸ்கிறீம் விற்பனையாளர் சென்ற மாத விற்பனையை மட்டும் வைத்து இம்மாதக் கொள்வனவைத் தீர்மானிக்கிறார். இதிலுள்ள குறைபாடு ஒன்றையும் அவர் சேர்க்க வேண்டிய வெளியகத் தரவு இரண்டையும் குறிப்பிடுக. (3 புள்ளிகள்)

விடை: குறைபாடு – கேள்வியில் ஏற்படும் மாற்றத்தைச் சென்ற மாதப் பதிவு காட்டாது. வெளியகத் தரவு – வானிலை அறிவிப்பு, பாடசாலை விடுமுறைத் திகதிகள்.

செயற்பாடு: உங்கள் வீட்டருகே உள்ள கடையொன்றில் அனுமதி பெற்று, ஒரு பொருளின் ஒரு வார விற்பனையைக் குறித்து வாருங்கள். எந்த நாளில் ஏன் கூடியது என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு அருகே எழுதுங்கள். இரண்டு வகைத் தரவை இணைக்கும் உங்கள் முதற் பயிற்சி அதுவாகும்.