அலுமினியப் படகும் உப்பு நீரும்

கழிமுகத்தில் மீன்பிடிக்கவென்று சிறுகச் சேமித்து வாங்கிய அலுமினியப் படகு, "துருப்பிடிக்காதே" என்னும் நம்பிக்கையிலேயே பாழாவதுண்டு. அலுமினியம் துருப்பிடிப்பதில்லை என்பது மெய், ஆயினும் அரிபடும்.

காற்றுப்பட்டதும் அதன்மீது மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டாகி அதனைக் காக்கிறது. கடல்நீரின் உப்பு அப்படலத்தை ஆங்காங்கே துளைக்கும். வெண்பொடி படிந்த சிறு குழிகளைக் கண்டால் அரிப்புத் தொடங்கிவிட்டதென அறியலாம்.

இதனினும் கொடியது செம்பின் சேர்க்கை. உப்பு நீரில் செம்பும் அலுமினியமும் தொட்டிருப்பின், மின்கலத்தில் நிகழ்வதுபோல் மின்னோட்டம் எழுந்து அலுமினியம் கரையும். படகினுள் தவறி விழுந்த செப்புக் கம்பித் துண்டுகூட நாளடைவில் ஓட்டையிட்டுவிடும். அதை நாம் நடுநீரில்தான் அறிவோம்! ஆகவே பித்தளைத் திருகாணிகளை விலக்குவோம். பாசி தடுக்கும் செம்புச் சாயமும் இப்படகுக்கு ஆகாது.

நீரிலேயே கட்டிக்கிடக்கும் படகாயின், நீர்மட்டத்திற்குக் கீழே துத்தநாகக் கட்டியொன்றைப் பொருத்துதல் நன்று. அது முதலிற் கரைந்து அலுமினியத்தைக் காக்கும். 1824 ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில அறிஞர், கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க இம்முறையையே கண்டார். கட்டியின்மீது சாயம் பூசலாகாது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

கரையேற்றிய படகை நன்னீரால் கழுவுகையில் அடிப்பலகையையும் எடுத்துவிட்டுக் கழுவுவோமாக. உப்புச் சேறு தங்குமிடம் அதுவே.