கேஷ் போதுமா, பெரிய பூட் டிரைவ் வேண்டுமா?

மெதுவாகிப் போன கணினியை வேகப்படுத்த நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. இருக்கும் ஹார்டு டிஸ்கை அப்படியே விட்டுவிட்டு, அதற்குத் துணையாகச் சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்றை கேஷாக மாட்டலாம். அல்லது விண்டோஸையும் மென்பொருள்களையும் பெரிய எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கே மாற்றி, அதையே பூட் டிரைவாக்கிவிடலாம். முதல் வழிக்குச் செலவு குறைவு என்பதால் அதைச் சுற்றி நம்பிக்கைகளும் நிறைய. அவற்றில் சில ஒரு காலத்தில் உண்மையாக இருந்தவை; சில எப்போதுமே உண்மையாக இருந்ததில்லை.

நம்பிக்கை: சின்ன எஸ்.எஸ்.டி. கேஷ் இருந்தால் மொத்த ஹார்டு டிஸ்கும் எஸ்.எஸ்.டி. வேகத்துக்கு வந்துவிடும்.

உண்மை: அடிக்கடி படிக்கப்படும் பகுதிகளுக்கு மட்டுமே அந்த வேகம் கிடைக்கும். மளிகைக் கடைக்காரர் அதிகம் போகும் சரக்கைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். எப்போதாவது யாராவது கேட்கும் பொருளுக்குக் கிடங்குக்குத்தான் போக வேண்டும். கேஷும் அப்படித்தான்.

அந்தக் கிடங்குப் பயணம் எவ்வளவு நீளம் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்கில், தேவையான இடம் சுழன்று ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக 4.17 மில்லி விநாடி ஆகும். ஹெட் சரியான தடத்துக்கு நகர மேலும் 8 அல்லது 9 மில்லி விநாடி. அதாவது, அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்கு 80 என்ற அளவில்தான் எடுக்க முடியும். சாட்டா எஸ்.எஸ்.டி. ஒவ்வொன்றையும் சுமார் 0.1 மில்லி விநாடியில் எடுத்துவிடும். தினமும் திறக்கும் பிரவுசருக்கு கேஷ் இந்த வேகத்தைத் தரும். மாதம் ஒருமுறை திறக்கும் மென்பொருளும், முதல் முறையாக ஓடும் கேமும் பழைய டிஸ்கின் வேகத்திலேயே வரும்.

நம்பிக்கை: கேஷ் போட்டால் இடமும் கூடும்.

உண்மை: கூடாது. கேஷில் இருப்பது நகல். மூலம் டிஸ்கில் இருக்கிறது. 2011இல் இசட்68 சிப்செட்டுடன் இன்டெல் கொண்டுவந்த ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ் வசதி, எவ்வளவு பெரிய எஸ்.எஸ்.டி. மாட்டினாலும் அதில் 64 ஜிபி வரைதான் கேஷாக எடுத்துக்கொண்டது. 2012இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஃபியூஷன் டிரைவ் வேறு வகை. அது நகலெடுக்காமல் தரவையே எஸ்.எஸ்.டி.க்கும் டிஸ்குக்கும் இடையே இடம் மாற்றியது; அதனால் இரண்டின் கொள்ளளவும் சேர்ந்தே கணக்கில் வந்தது. ஆனால் 2015இல் 1 டிபி மாடலில் இருந்த 128 ஜிபி எஸ்.எஸ்.டி.யை ஆப்பிள் 24 ஜிபியாகக் குறைத்தது. பெயர் மாறவில்லை, வேகமான பகுதி ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

நம்பிக்கை: கேஷ் பழுதானாலும் தரவுக்கு ஆபத்தில்லை.

உண்மை: எந்த முறையில் இயங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஸ்மார்ட் ரெஸ்பான்ஸில் இரண்டு முறைகள் இருந்தன. ஒன்றில், எழுதுவதெல்லாம் டிஸ்குக்கும் கேஷுக்கும் ஒரே நேரத்தில் போகும், எஸ்.எஸ்.டி. செத்தாலும் டிஸ்கில் எல்லாம் இருக்கும். மற்றதில், முதலில் எஸ்.எஸ்.டி.யில் எழுதிவிட்டுப் பிறகு டிஸ்குக்கு மாற்றும். வேகம் அதிகம்தான், ஆனால் மாற்றுவதற்கு முன் எஸ்.எஸ்.டி. பழுதானால் அந்தத் தரவு போய்விடும். இந்த முறையில் இருக்கும் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டுவதற்கு முன் கேஷை நிறுத்தியே ஆக வேண்டும். ஃபியூஷன் டிரைவில் இரண்டில் எது பழுதானாலும் மொத்தத் தொகுப்பும் போகும்.

நம்பிக்கை: பெரிய எஸ்.எஸ்.டி.யில் இடம் மட்டும்தான் அதிகம்.

உண்மை: எழுதும் வேகமும் ஆயுளும்கூட மாறும். கொள்ளளவு கூடும்போது ஒரே நேரத்தில் வேலை செய்யும் சில்லுகளும் கூடுகின்றன. சாம்சங் 970 ஈவோ பிளஸில் 250 ஜிபி மாடல் விநாடிக்கு 2,300 எம்பி வரை எழுதும். 1 டிபி மாடல் 3,300 எம்பி வரை. 870 ஈவோவின் 250 ஜிபி மாடலில் 150 டிபி எழுதும் வரை உத்தரவாதம். 1 டிபி மாடலில் 600 டிபி. ஆனால் விண்டோஸ் திறக்கும் நேரம் இதனால் பெரிதாக மாறாது. அது பெரும்பாலும் படிக்கும் வேலை. 970 ஈவோ பிளஸின் எல்லா மாடல்களுக்கும் படிக்கும் வேகம் 3,500 எம்பி என்றே நிறுவனம் குறிப்பிடுகிறது.

நம்பிக்கை: எஸ்.எஸ்.டி. கேஷின் காலம் முடிந்துவிட்டது.

உண்மை: வீட்டுக் கணினியில் பெருமளவு முடிந்துவிட்டது. 2017இல், ஹார்டு டிஸ்குக்கு கேஷாக மாட்டும் இன்டெலின் 16 ஜிபி ஆப்டேன் மெமரி 44 டாலருக்கும், 32 ஜிபி 77 டாலருக்கும் வந்தன. எஸ்.எஸ்.டி. விலை சரியச் சரிய, அதே பணத்துக்கு முழு பூட் டிரைவே கிடைக்கத் தொடங்கியது. ஆப்டேன் தொழிலையே மூடுவதாக 2022 ஜூலையில் இன்டெல் அறிவித்தது. ஆனால் பல்லாயிரம் ஜிபி தரவைச் சுழலும் டிஸ்குகளில் வைத்திருக்கும் சர்வர்களில் கேஷ் இன்றும் பயன்படுகிறது. 2013 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே பிகேஷ் என்ற கேஷ் வசதி இருக்கிறது. எஸ்.எஸ்.டி.க்கு உள்ளேயும் ஒரு கேஷ் உண்டு: சாம்சங்கின் 1 டிபி 870 கியூவிஓவில் அதிகபட்சம் 42 ஜிபி அளவுள்ள வேகப் பகுதி நிரம்பியதும், எழுதும் வேகம் விநாடிக்கு 530 எம்பியிலிருந்து 80 எம்பிக்கு இறங்கிவிடும்.

ஆகவே, வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரே கணினியை வைத்திருப்பவர் பணத்தைப் பெரிய பூட் டிரைவில் போடுவதே சரி. விண்டோஸ் 11 நிறுவவே 64 ஜிபி வேண்டும். அப்டேட்டுகள், பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல் எல்லாம் சி டிரைவில்தான் வந்து சேரும் என்பதால் 120 ஜிபி சீக்கிரமே நெருக்கும். 500 ஜிபி வாங்கினால் மென்பொருள்களுக்கும் இடம் இருக்கும். வாங்குவதற்கு முன் மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் இருக்கிறதா, இருந்தால் அது சாட்டாவா என்விஎம்இயா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றத் தேவையில்லை. படங்களையும் வீடியோக்களையும் வைக்க அது போதும். ஆனால் அவற்றின் ஒரே பிரதி அந்தப் பழைய டிஸ்கில் மட்டும் இருக்கக் கூடாது.