அடுக்குப் பிரிவும் கணினி ஒப்புருவாக்கமும்

தமிழாசிரியர்க்கு ஏவூர்தியோடு யாது தொடர்பு என வினவுவாருமுளர். அறிவியற் பொருளை நம் மொழியில் மயக்கமின்றி உரைத்தலும் தமிழ்ப் பணியேயாதலின், இதனை ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

ஏவூர்தி ஒன்றன்மேலொன்றாய் அடுக்கிய பகுதிகளை உடையது. எரிபொருள் தீர்ந்த கீழடுக்கு வெறுஞ் சுமையாகும். அதனைக் கழற்றினாலன்றி மேலடுக்கு வேண்டிய வேகத்தைப் பெறாது. இக்கழற்றலே அடுக்குப் பிரிவு எனப்படும். சிறு வெடிமருந்தால் இணைப்பை அறுத்து, சுருள்வில்லாலோ சிறு உந்துபொறிகளாலோ இரண்டையும் விலக்குவர். குறிகட்டுவான் துறையில் அருகருகே கட்டிய இரு வள்ளங்களைப் பிரிப்பதை நம்மவர் அறிவர். கயிற்றை அவிழ்த்தாற் போதாது. ஒன்றோடொன்று உராயாமல் தள்ளி விலக்கிய பின்னரே இயந்திரத்தை முடுக்குவர். விண்ணிலும் முறை இதுவே. ஆயின் அங்கே சில செக்கன்களில் யாவும் முடியும். தவறினால் கைகொடுக்க ஆளில்லை.

இப்பிரிவை உள்ளபடியே நிலத்திற் செய்து பார்த்தல் அரிது. ஆகவே அதனைக் கணினியில் எண்களால் நிகழ்த்திப் பார்க்கின்றனர். இதுவே ஒப்புருவாக்கம். அடுக்குகளின் திணிவு, புவியீர்ப்பு மையம், எஞ்சிய உந்துவிசை, வில்லின் விசை, காற்றின் அமுக்கம் ஆகியவற்றைக் கொடுத்தால், நியூற்றனின் இயக்க விதிகளைக் கொண்டு, செக்கனின் மிகச் சிறு கூறுதோறும் அவற்றின் இடத்தையும் சாய்வையும் கணினி கணிக்கும். எண்களைச் சிறிது சிறிதாய் மாற்றிப் பன்முறை கணித்து, எந்நிலையில் மோதல் நேரும் என அறிவர். அடர்ந்த காற்றிற் பிரியும் அதிவேக ஊர்திகட்கு, ஒன்றினின்றெழும் அதிர்ச்சியலை மற்றொன்றைத் தாக்குவதையும் கணித்தல் வேண்டும்.

இனி இரு நிகழ்ச்சிகளை நோக்குவாம். 1993 செப்ரெம்பர் 20 இல் இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதன்முறையாக எழுந்த பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியில், இரண்டாம் அடுக்கைப் பின்னிழுக்க வேண்டிய சிறு உந்துபொறிகளுள் இரண்டு இயங்கவில்லை. ஊர்தி நிலைகுலைந்தது. அதனைத் திருத்த எழுந்த கட்டளை வரையறுத்த எல்லையைக் கடந்தது. எல்லை கடந்தபோது மட்டுமே வெளிப்படும் பிழையொன்று கட்டுப்பாட்டு நிரலில் மறைந்திருந்தது. 846 கிலோகிராம் நிறையுள்ள செய்மதி சுற்றுப்பாதையை அடையவில்லை. குறை நீக்கிய அடுத்த ஏவூர்தி 1994 ஒக்ரோபர் 15 இல் வெற்றி கண்டது.

2008 ஓகஸ்ற்றில் பசிபிக் சமுத்திரத்து ஒமெலெக் என்னுஞ் சிறு தீவிலிருந்து பால்கன் 1 எழுந்தது. இயந்திரம் நிறுத்தப்பட்ட பின்னும் எஞ்சிய சிறு விசை கீழடுக்கை முன்தள்ள, அது மேலடுக்கோடு மோதியது. நிலத்திற் சோதித்த காலத்துச் சூழ்காற்றின் அமுக்கம் அவ்விசையை மறைத்திருந்தது. பிரியும் நேரத்தைச் சிறிது தாழ்த்தவே, செப்ரெம்பர் 28 இல் வெற்றி கிட்டியது.

இவற்றால் அறியத்தக்கது யாது? கணினி கேட்டதற்கே விடை கூறும். கேளாததைத் தானாகக் கூறாது. ‘இரு பொறிகள் இயங்காவிடின்?’, ‘விசை முற்றும் ஓயாவிடின்?’ என வினாத் தொடுத்தல் மனிதர் கடன். விடைகளை மனனஞ் செய்து பரீட்சை கடக்கும் மாணாக்கர்க்கு இவ்வாற்றல் வாய்ப்பதரிது. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் பிறந்த பிள்ளைக்கும் இயக்க விதிகள் ஒன்றே. எனவே, கல்லூரிக்குக் கணினி வழங்க முன்வரும் பழைய மாணவர், வினாவத் தூண்டும் கணித, விஞ்ஞான ஆசிரியர் தீவகத்தில் நிலைத்திருக்கவும் வழிசெய்வாராக. கருவி வரும், வினாவோ வகுப்பறையிலேயே பிறத்தல் வேண்டும்.