கப்பல் இன்னும் எவ்வளவு பெரிதாகும்?

கேள்வி: கன்டெய்னர் கப்பல்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகின்றனவே, இதற்கு எல்லையே இல்லையா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: 1956 ஏப்ரலில் அமெரிக்க லாரி நிறுவன முதலாளி மால்கம் மெக்லீன் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். இன்று 400 மீட்டர் நீளமுள்ள ‘எம்எஸ்சி இரினா’வில் 20 அடிப் பெட்டிக் கணக்கில் 24,346 பெட்டிகள் ஏறும்.

பெட்டியின் மூலைகளைக் கவனித்தால் இந்த வளர்ச்சியின் சூட்சுமம் புரியும். ஒவ்வொரு மூலையிலும் துளையுள்ள இரும்பு வார்ப்பு உண்டு. கிரேனின் சட்டம் மேலே வந்து அமரும். மேல்பக்கத்து நான்கு துளைகளிலும் பூட்டு நுழைந்து திரும்பும். சில நிமிடங்களில் பெட்டி கப்பலில் இருக்கும். முன்பு இதே சரக்கை மூட்டை மூட்டையாக ஏற்ற நாள்கணக்கில் ஆனது. அப்படி ஏற்றிய சுமைதூக்கிகளின் பிழைப்பை உலகெங்கும் இந்தப் பெட்டி பறித்ததையும் மறக்கக் கூடாது.

கப்பல் பெரிதானால் பெட்டிக்கான எரிபொருள் செலவு குறைகிறது. ஆனால் ஆபத்தும் ஒரே இடத்தில் குவிகிறது. 2021 மார்ச் 23 அன்று ‘எவர் கிவன்’ என்ற கன்டெய்னர் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி, ஆறு நாள் வழியை அடைத்தது. 2023 இறுதியில் அதே சூயஸ் வழியிலுள்ள செங்கடலில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபின் பல நிறுவனங்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கான பயணம் சுமார் பத்து நாள் நீண்டது.

நீளம் சில ஆண்டுகளாகவே 400 மீட்டரில் நிற்கிறது. கப்பல் இதைவிடப் பெரிதானால் கால்வாயும் துறைமுகமும் கிரேனும் தாங்காது. ‘இரினா’ 2025 ஜூனில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வந்தது. அங்கே இயற்கையிலேயே ஆழம் அதிகம் என்பதால் இவ்வளவு பெரிய கப்பலும் நுழைய முடிந்தது.