தீவுக்குச் செல்லுமுன்

(தஞ்சை வட்டாரச் சிற்றூர் ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மாணவன், அந்தமான் தீவுகளுக்குச் சென்று கடலில் மூழ்கிப் பவளப் பாறைகளைக் காண விரும்பினான். தன் பயணத் திட்டத்தைச் சென்னையில் வாழும் தாய்மாமனுக்கு எழுதி அனுப்பினான். மாமன் விடுத்த மறுமொழி இது.)

சென்னை.

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதனுடன் வைத்திருந்த ஐந்து நாள் திட்டத்தையும் இருமுறை படித்தேன். பெரிய கோயிலில் முதலாம் இராசேந்திர சோழனுடைய கல்வெட்டை உங்கள் ஆசிரியர் காட்டினார் என்றும், அதில் 'மாநக்கவாரம்' என்னும் பெயரைக் கேட்ட நாள்முதல் கடல் கடந்த தீவுகளைக் காணும் ஆவல் உன்னை விடவில்லை என்றும் எழுதியிருந்தாய். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கல்லில் பொறித்த ஒரு சொல் இன்று ஒரு மாணவன் நெஞ்சில் ஆவலைத் தூண்டுமாயின், அதனினும் நற்செய்தி யாது?

உன் தந்தையார் இசையவில்லை என்றும், நான் பரிந்து பேச வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். பேசினேன். "கடலைக் காணாதே என்று நான் சொல்லவில்லை. திட்டம் பழுதற்றதாக இருக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்றார் அவர். ஆகவே உனக்காக வாதாடுவதைவிட உன் திட்டத்திலுள்ள பிழைகளைத் திருத்துவதே நான் உனக்குச் செய்யும் உதவியாகும். அதில் ஐந்து பிழைகள் உள்ளன. அவற்றுள் இரண்டு உயிருக்கே கேடு சூழ்வன. ஆதலின் பொறுமையுடன் படிப்பாயாக.

முதற்பிழை, செல்லும் இடம் பற்றியது. 'மாநக்கவாரம்' என்பது இன்றைய நிக்கோபார்த் தீவுகளே என்று அறிஞர் கூறுவர். ஆனால் நிக்கோபாருக்கு நாம் நினைத்தவுடன் சுற்றுலாச் செல்ல இயலாது. அங்கு வாழும் பழங்குடி மக்களைக் காக்கும் பொருட்டு அரசு 1956ஆம் ஆண்டில் தனி ஒழுங்குமுறைச் சட்டம் செய்துள்ளது. சிறப்பு இசைவின்றி வெளியார் அங்கே புகுதல் குற்றம். ஆகவே நீ செல்லத்தக்கது வடக்கே உள்ள அந்தமான். அதன் தலைநகராகிய போர்ட் பிளேர், 2024ஆம் ஆண்டில் 'ஸ்ரீவிஜயபுரம்' என்று பெயர் மாற்றம் பெற்றது. இராசேந்திரன் படை சென்ற ஸ்ரீவிஜயத்தின் பெயரை நீ அந்நகரில் காணலாம். அங்கிருந்து கப்பலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றால் சுவராஜ் துவீப் என்னும் தீவை அடையலாம். 2018ஆம் ஆண்டுவரை அதனை ஹேவ்லாக் என்று வழங்கினர். வெண்மணற் கரைகளும், பவளப் பாறைகளும், மூழ்குவோர்க்குப் பயிற்சி தரும் நிலையங்களும் அங்கே உள்ளன.

இரண்டாம் பிழை, காலம் பற்றியது. காலாண்டுத் தேர்வு விடுமுறையில் செல்வதாக எழுதியிருக்கிறாய். அப்போது தென்மேற்குப் பருவக்காற்றின் சீற்றம் அந்தமானில் முழுதும் அடங்கியிராது; அது அடங்குமுன் வங்கக் கடலில் புயற்காலம் தொடங்கிவிடும். 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜாப் புயல் நம் தென்னந்தோப்புகளை ஓர் இரவில் சாய்த்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அப்புயல்கள் பிறக்கும் கடலுக்கன்றோ நீ செல்ல விரும்புகிறாய்! மழை பெய்தால் மண் கலந்த நீர் கடலிற் சேரும், நீர் கலங்கும், மூழ்கினாலும் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. அலை மிகுந்தால் தீவுகளுக்கிடையே கப்பலும் ஓடாது.

வயலையும் எண்ணிப் பார். அந்த நாள்களில் ஒருபுறம் குறுவை அறுவடை. மறுபுறம் சம்பா நடவு. உன் தந்தையார் களத்தையும் வயலையும் விட்டு எப்படி வருவார்? ஏப்ரல் இறுதியில் நிலைமை வேறு. சம்பா அறுவடை தையோடும் மாசியோடும் முடிந்திருக்கும்; அதன்பின் தாளடியில் விதைத்த உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்திருக்கும். மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படுவதே வழக்கம். அதுவரை உழவர்க்கு ஓய்வுண்டு. உனக்கும் ஆண்டுத் தேர்வு முடிந்திருக்கும். அந்தமான் கடலும் அக்காலத்தில் அமைதியாயிருக்கும். ஆயினும் மே மாதத்தின் மூன்றாம் வாரத்தையொட்டிப் பருவமழை அங்கே வந்துவிடும். நம் நாட்டிலேயே அது முதலில் வந்து சேரும் இடம் அந்தமான்தான். ஆகவே ஏப்ரல் இறுதிக்கும் மே முதல் வாரத்திற்கும் இடைப்பட்ட நாள்களே ஏற்றவை. கடலும் வயலும் பள்ளியும் ஒருங்கே இசைவு தரும் காலம் அதுவே.

மூன்றாம் பிழை, உன் நீச்சல் பற்றியது. "காவிரியில் மூச்சடக்கி அறுபது எண்ணும்வரை நீருக்குள் இருப்பேன்; ஆகவே எனக்குப் பயிற்சி வேண்டுவதில்லை" என்று பெருமையுடன் எழுதியிருக்கிறாய். அங்கேதான் பெரும் கேடு ஒளிந்திருக்கிறது.

நீ வகுப்பில் படித்த பாயில் விதியை நினைவுகூர்வாயாக. அழுத்தம் இரு மடங்கானால் காற்றின் பருமன் பாதியாகும். கடல்மட்டத்தில் நம்மை அழுத்துவது ஒரு வளிமண்டல அழுத்தம். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அது இரண்டாகும்; 20 மீட்டரில் மூன்றாகும். முத்துக் குளிப்பவர் மேலே இழுத்த மூச்சோடு கீழே செல்வர். உள்ளே அந்தக் காற்று சுருங்கும். திரும்பி வரும்போது பழைய அளவையே அடையும். ஆனால் காற்று உருளையைச் சுமந்து மூழ்குபவர் நிலை வேறு. அவர் ஆழத்தின் அழுத்தத்திலேயே மூச்சை இழுக்கிறார். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த மூச்சை அடக்கியபடியே ஒருவர் மேலே வந்தால், அந்தக் காற்று இரு மடங்காக விரிய முயலும். நுரையீரல் கிழிந்து உயிரும் போகலாம். ஆதலின் கடலடியில் முதல் விதி, 'ஒருபோதும் மூச்சை அடக்காதே' என்பதாகும். ஆற்றில் உனக்குப் பெருமை தந்த பழக்கமே கடலில் உனக்குப் பகையாகும். பழைய திறமையை நம்பிப் புதிய தொழிலில் இறங்குவோர் பலர் இவ்வாறே இடர்ப்படுகின்றனர்.

முறையாகப் பயில்வோர் 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் வல்லவராயிருத்தல் வேண்டும். முதன்முறை மூழ்குவோரைப் பயிற்சியாளர் உடனிருந்து அழைத்துச் செல்வர். 12 மீட்டருக்குக் கீழே விடார். ஈளை நோய், இதய நோய், காது நோய் உடையோர் மருத்துவரைக் கேளாமல் மூழ்குதல் ஆகாது. சளி பிடித்திருந்தாலும் அன்று இறங்கக் கூடாது. காதிற்குள் அழுத்தம் சமப்படாமல் செவிப்பறை கிழியக்கூடும். மருத்துவப் படிவத்தில் உண்மையை மறைத்து எழுதுபவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான்.

நான்காம் பிழையே மிகப் பெரியது. இறுதி நாள் காலையில் மூழ்கிவிட்டுப் பிற்பகல் விமானம் ஏறுவதாகத் திட்டமிட்டிருக்கிறாய். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரசன். மிகுந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது அது வழக்கத்தினும் மிகுதியாகக் குருதியிலும் தசையிலும் கரைகிறது. மெல்ல மெல்ல மேலே வந்தால் அது மூச்சின் வழியே தீங்கின்றி வெளியேறும். விரைந்து வந்தால் என்ன ஆகும்? கோலி சோடாவை உடைக்கும்போது குமிழிகள் பொங்குவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அதுபோல உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றும். மூட்டுகள் நோகும், கைகால் செயலற்றுப் போகும், சிலர் இறப்பதும் உண்டு. ஹால்டேன் என்னும் அறிஞர் ஆடுகளைக் கொண்டு சோதனைகள் செய்து, பாதுகாப்பாக மேலேறும் முறையை 1908ஆம் ஆண்டில் வகுத்து வெளியிட்டார். இன்று மூழ்குவோர் மெதுவாக ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கியபின் மேலே வருவதும் இதன் பொருட்டே.

விமானம் உயரே செல்லும்போது அதனுள் அழுத்தம் தரையிலிருப்பதைவிடக் குறைகிறது. உடலில் எஞ்சிய நைட்ரசன் அப்போது குமிழியாகலாம். ஆகவே பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பர். நாம் ஒரு முழு நாளே விட்டுவிடுவோம். ஒருநாள் வீணாகிறதே என்று எண்ணாதே. அந்நாளில் ஸ்ரீவிஜயபுரத்தில் 1906ஆம் ஆண்டில் கட்டி முடித்த சிற்றறைச் சிறையைக் காணலாம். விடுதலைக்காக வாடியவர்களின் நினைவைப் போற்றாமல் அத்தீவிலிருந்து திரும்புதல் முறையன்று.

ஐந்தாம் பிழை சிறியதுபோல் தோன்றும். தங்கைக்கு ஒரு பவளத் துண்டு கொண்டுவருவதாக எழுதியிருக்கிறாய். பவளப்பாறை வெறுங்கல்லன்று, சிற்றுயிர்கள் பல தலைமுறைகளாகக் கட்டிய வீடு. கடல்நீர் சற்றே மிகுதியாகச் சூடேறினாலும் அவை வெளிறி மடிகின்றன. 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் அந்தமான் பவளங்களுக்கு இத்துன்பம் நேர்ந்தது. காலால் மிதித்தாலும் ஒடியும். அதனை எடுத்தல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். தங்கைக்கு நீ கண்ட மீன்களின் வண்ணங்களை எழுதிக் கொண்டுவா. அதுவே சிறந்த பரிசு.

இனிக் கரையைப் பற்றியும் சில சொல்வேன். முத்துப்பேட்டையில் நீ கண்ட அலையாத்திக் காடுகள் அங்கும் உண்டு. ஆனால் அங்கே உவர்நீர் முதலைகளும் வாழ்கின்றன. காவலர் காட்டும் இடத்தில் மட்டும் நீந்து. கரையிலிருந்து நீரோட்டம் உன்னை உள்ளிழுத்தால் எதிர்த்துப் போராடாதே; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகு.

உன் தாய்க்கு இப்பயணத்தில் உள்ள அச்சத்தையும் நான் அறிவேன். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் பலிகொண்டது. அந்த அச்சத்தை நகைக்காதே. அதனை அறிவாக மாற்றிக் காட்டு. நிலம் வலிதாக நடுங்கினாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும், உடைமைகளை விட்டு மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதைத் தாயிடம் சொல். 2007ஆம் ஆண்டு முதல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் இயங்கிவருவதையும் சொல்.

ஆகவே நம் திட்டம் இதுவாகட்டும். முதல் நாள் இரவு தஞ்சையில் உழவன் விரைவு வண்டியேறிச் சென்னை வருக. மறுநாள் விமானத்தில் ஸ்ரீவிஜயபுரம். மூன்றாம் நாள் சுவராஜ் துவீப். அன்று கரையில் ஓய்வு. நான்காம் நாள் ஆழமற்ற நீரில் பயிற்சி. ஐந்தாம் நாள் கடலில் மூழ்குதல். ஆறாம் நாள் தலைநகருக்குத் திரும்பிச் சிறையைக் காணுதல். ஏழாம் நாள் வானிலைக்கென ஒதுக்கிய நாள். கப்பல் நின்றுபோனாலும் நாம் கலங்க வேண்டியதில்லை. எட்டாம் நாள் திரும்புதல். பயணச்சீட்டுகளை முன்னரே வாங்குவோம்.

இறுதியாக ஒன்று. தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அக்காலத்தில் குளிப்பவர் இடையிலே கட்டிய கயிற்றின் மறுமுனையைப் படகில் ஒருவர் பிடித்திருப்பார். அவர் அயர்ந்தால் உயிர் போகும். ஆகவே அக்கயிற்றை மைத்துனன் கையிலேயே கொடுப்பர் என்று சொல்வதுண்டு; தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அக்கயிற்றில் இருக்கிறது என்பதை அவன் மறவான் அன்றோ! இன்றைய மூழ்குவோரும் தனியே இறங்குவதில்லை. இருவர் இருவராகவே செல்வர்.

திருத்திய திட்டத்தை உன் தந்தையாரிடம் காட்டு. கோடைக்குள் பயிற்சிக் குளத்தில் நாளும் நீந்திப் பழகு. நான் உடன் வருவேன். உன் தந்தைக்கு நான் மைத்துனன். கயிறு என் கையில் இருக்கும்.

உன் அன்பு மாமன்.

வினாக்கள்

1. முத்துக் குளிப்பவர் மூச்சை அடக்கலாம். காற்று உருளையுடன் மூழ்குபவர் அடக்கக் கூடாது. ஏன்?
2. மாணவனின் திட்டத்தில் இருந்த ஐந்து பிழைகள் யாவை? அவற்றுள் உயிருக்குக் கேடானவை எவை?
3. ஏப்ரல் இறுதி ஏற்ற காலம் என்று மாமன் கூறக் காரணங்கள் யாவை?
4. "கயிறு என் கையில் இருக்கும்" என்னும் தொடரின் பொருளை விளக்குக.