வௌவால் எச்சம் சொல்லும் காலநிலைக் கதை

மாணவர்களே, பத்துமலையின் 272 படிகளை ஏறியவர்களுக்கு அங்குள்ள குகைகளில் வௌவால்கள் வாழ்வது தெரியும். அவற்றின் எச்சம் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குகைத் தரையில் அடுக்கடுக்காகப் படிந்து வந்துள்ளது. வெப்பமானியும் மழைமானியும் இல்லாத காலத்தின் காலநிலையை அறிய அந்த அடுக்குகள் உதவுகின்றன.

எப்படி? கார்பனில் எடை குறைந்த கார்பன்-12, சற்று எடை கூடிய கார்பன்-13 என இரு நிலையான வகைகள் உண்டு. மழைக்காட்டு மரங்களில் கார்பன்-13 குறைவாக இருக்கும். லாலாங் போன்ற வெப்பநிலப் புற்களில் அது சற்று அதிகம். பூச்சி செடியைத் தின்கிறது. வௌவால் பூச்சியைத் தின்கிறது. ஆகவே, சுற்றுப்புறம் காடா புல்வெளியா என்னும் தகவல் எச்சத்தில் பதிவாகிவிடுகிறது.

அடுக்கின் வயதைக் கார்பன்-14 காட்டும். கதிரியக்கம் கொண்ட இது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை இம்முறையால் வயதைக் கணிக்கலாம்.

கிறிஸ்தோபர் வர்ஸ்டர், மைக்கேல் பேர்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பத்துமலை எச்சப் படிவை இப்படி ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். கடைசிப் பனியுகத்தில் இங்கு மழைக்காடு வெகுவாகச் சுருங்கியிருந்தது. பிலிப்பீன்ஸின் பாலாவான் தீவிலும் அதே நிலைதான். வட போர்னியோவில் மட்டும் மழைக்காடு நிலைத்திருந்தது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணை வறண்ட நிலம். தீபகற்பமும் சுமத்திராவும் ஜாவாவும் போர்னியோவும் 'சுண்டாலாந்து' என்ற ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன. நிலம் இணைந்திருந்தும், இடையில் இருந்த திறந்தவெளி காட்டு உயிரினங்கள் பரவுவதைத் தடுத்திருக்கலாம் என்று இவ்வாய்வு கருதுகிறது.

ஒரே சான்றை மட்டும் நம்பி அறிவியலாளர் முடிவெடுப்பதில்லை. ஏரிச் சேற்றிலுள்ள மகரந்தத்தையும், சரவாக்கின் முலு குகைகளில் வளர்ந்த சுண்ணாம்புப் படிவங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பல சான்றுகள் ஒத்துப்போகும்போது முடிவு வலுப்பெறுகிறது.

1860-களில் சீனக் குடியேறிகள் காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக இந்த எச்சத்தைத் தோண்டி எடுத்தனர். தோண்டிய அடுக்கை மீண்டும் அடுக்க முடியாது. அதோடு அக்காலத்தின் பதிவும் போய்விடும். குகையைக் காப்பது, இன்னும் படிக்கப்படாத பக்கங்களைக் காப்பதாகும்.

பயிற்சி: ஓர் அடுக்கில் கார்பன்-14 கால் பங்கே மிஞ்சியுள்ளது. அதன் வயது என்ன?
(விடை: 5,730 × 2 = 11,460 ஆண்டுகள்)