பல நாடுகளில் தொழில் வடிவப் பாதுகாப்பு

ஒரு விளக்கின் உருவமும் அலங்காரமும் சட்டத்தில் 'வடிவம்' எனப்படும். அது எரியும் முறை வடிவமன்று. ஒரு நாட்டில் செய்த பதிவு அதன் எல்லைக்கு அப்பால் செல்லாது. இக்குறையை நீக்கவே 1925-ல் ஹேக் உடன்படிக்கை தோன்றியது. அதில் சேர்ந்த நாட்டினர், ஜினீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து நிறுவனத்திற்கு அனுப்பும் ஒரே விண்ணப்பத்தால், தாம் குறிப்பிடும் உறுப்பு நாடுகளில் பாதுகாப்புக் கோரலாம். ஒரே வகுப்பைச் சேர்ந்த 100 வடிவங்கள் வரை அதில் அடங்கலாம். ஆயினும், ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி மறுக்கக்கூடும்.

காலமும் முக்கியம். பாரிஸ் உடன்படிக்கைப்படி, முதல் விண்ணப்பத்திலிருந்து 6 மாதத்துள் பிற உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால், முதல் தேதியே கணக்காகும். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஏற்கெனவே வெளியான வடிவத்தைப் பதிவுக்கு ஏற்பதில்லை. ஆகவே, பொருளைக் கடையில் வைக்குமுன் விண்ணப்பித்தல் வேண்டுமெனக் கைவினைஞர்க்கும் மாணவர்க்கும் எடுத்துரைப்பது நம் கடமையாகும்.